நீடித்த வேளாண் அறிவியல், பொறியியலில் முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறையில் முதுநிலை முடித்து, இப்போது ஒரு வயல் ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். சேரலாமா என்று யோசிப்பவர்கள், சேர்ந்து முதல் பருவத்திலேயே தடுமாறுபவர்கள் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

1. நீடித்த வேளாண்மைன்னா இயற்கை விவசாயம்தானே? அதுக்கு எதுக்கு முதுநிலைப் பட்டம்?

இரண்டும் ஒன்றல்ல. இயற்கை விவசாயம் என்பது எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்ற விதிகளின் தொகுப்பு. நீடித்த வேளாண்மை விளைவைப் பார்க்கிறது. இந்த நிலம் இன்று தருவதை இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் தருமா? ஆற்றையும் நிலத்தடி நீரையும் காற்றையும் கெடுக்காமல் தருமா? இதற்குப் பதில் சொல்ல அளந்து பார்க்க வேண்டும். அப்படி அளப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு.

ஒரு வயலைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிராட்பாக் என்று ஒரு வயல் இருக்கிறது. 1843-ல் தொடங்கிய கோதுமைச் சோதனை அங்கே இன்னும் நடக்கிறது. ஒரு பாத்திக்கு வருடந்தோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்டு வந்திருக்கிறார்கள். எதுவுமே போடாத பாத்தியை விட அங்கே மண்ணின் கரிமம் (கார்பன்) இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அதே தொழுவுரப் பாத்தியிலிருந்து வேருக்குக் கீழே வடிந்து போகும் நைட்ரேட்டும் (நீரில் கரையும் நைட்ரஜன் உப்பு) அதிகம். மண்ணுக்கு நல்லது, நிலத்தடி நீருக்கு நல்லதில்லை. ‘இயற்கையா, செயற்கையா’ என்ற கேள்வியால் இந்த வயலைப் புரிந்துகொள்ள முடியாது. நுழைந்தது எவ்வளவு, தங்கியது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று கணக்குப் போட்டால்தான் முடியும்.

2. அறிவியலும் பொறியியலும் சேர்ந்த படிப்புங்கிறாங்க. உண்மையில என்னதான் படிப்போம்?

படிப்பின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். நல்ல பாடத்திட்டம் எதுவானாலும் நான்கு வரவு செலவுக் கணக்குகள் அதில் இருக்கும்: தண்ணீர், தழைச்சத்து (நைட்ரஜன்), கரிமம், எரிசக்தி. தண்ணீர்க் கணக்கில் மழையும் பாசனமும் வரவு. ஆவியானது, செடி குடித்து இலைவழி விட்டது, மேலே வழிந்தோடியது, கீழே வடிந்தது எல்லாம் செலவு. பயிரின் நீர்த்தேவையைக் கணக்கிடும் பென்மன்-மான்டீத் சமன்பாட்டைப் படிப்பீர்கள். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1998-ல் வெளியிட்ட 56-ஆம் கையேடு அதற்கான அடிப்படை. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு இந்த நான்கையும் வைத்து ஒரு நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் மேலே போகிறது என்று சொல்லலாம்.

தழைச்சத்துக் கணக்கை இன்னும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆகவே சுமார் 217 கிலோ யூரியா. மண்ணில் சேரும் தழைச்சத்தில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாகப் போகும் என்பது, காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐபிசிசி கொடுக்கும் பொதுவான மதிப்பு. அப்படியானால் 1 கிலோ நைட்ரஜன், வாயுவின் எடையில் சுமார் 1.57 கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில் இந்த வாயு கார்பன் டை ஆக்சைடை விட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பெருக்கினால் கிட்டத்தட்ட 430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கண்ணுக்குத் தெரியாமல், வாடை கூட இல்லாமல் போகும் ஒரு கிலோவின் கதை இது. உரத்தை எப்போது, எங்கே, எப்படிப் போட்டால் அந்த 1 சதவீதம் குறையும் என்பது அறிவியல். அப்படிப் போடுவதற்கான கருவியைச் செய்வது பொறியியல். இரண்டையும் ஒரே ஆள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்தப் படிப்பின் நோக்கம்.

3. நான் மெக்கானிக்கல் முடிச்சேன். செடியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. சேர்த்துப்பாங்களா?

பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். சில இடங்களில் மண்ணியல், பயிர் உடலியல் போன்ற பாடங்களைக் கூடுதலாக எடுக்கச் சொல்வார்கள். அதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். பொறியியலிலிருந்து வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, மண்ணை ஒரே சீரான பொருளாக நினைப்பது. இரும்புக்கு ஒரு அடர்த்தி உண்டு. மண்ணுக்கு அப்படி இல்லை. டிராக்டர் சக்கரம் போன தடத்தில் ஒன்று, இரண்டு அடி தள்ளி வேறொன்று, மழைக்குப் பிறகு மறுபடி வேறு.

சேருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஏதாவது ஒரு பயிரை, ஒரு தொட்டியிலாவது, விதையிலிருந்து அறுவடை வரை வளர்த்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை உயரம், இலை எண்ணிக்கை, ஊற்றிய தண்ணீர் எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் பருவத்துப் பாடங்கள் உங்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.

4. நான் வேளாண் பட்டதாரி. கணக்கு எனக்கு வரவே வராது. சமாளிக்க முடியுமா?

முடியும், உழைத்தால். மண்ணில் நீர் நகர்வதைச் சொல்லும் டார்சி விதி 1856-லிருந்து இருக்கிறது. அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும், மண் நெருக்கமாக இருந்தால் குறையும் என்பதுதான் அதன் சாரம். இதை வயலில் கண்ணால் பார்த்தவர் நீங்கள். குறியீட்டில் எழுதப் பழகுவதுதான் பாக்கி. வகைக்கெழு, தொகையிடல், எளிய நேரியல் சமன்பாடுகள் இவை மூன்றும் கைக்கு வந்துவிட்டால் போதும். சேருவதற்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மூன்று மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

5. கோடிங் கட்டாயமா?

ஆம். ஆர் அல்லது பைத்தான், ஏதாவது ஒன்று. தரவைத் திறந்து, சுத்தம் செய்து, படம் வரைந்து, ஒரு பகுப்பாய்வு ஓட்டும் அளவுக்குத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

6. வயல்ல இறங்கி வேலை செய்யத்தான் வந்தேன். எதுக்கு இவ்வளவு புள்ளியியல்?

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், இன்றைக்கு எல்லாத் துறையும் பயன்படுத்தும் புள்ளியியலில் ஒரு பெரிய பங்கு வயலில்தான் பிறந்தது. 1919-ல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் ராதம்ஸ்டெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் கேள்வியில் சொன்ன அதே இடம். அதுவரை சேர்ந்திருந்த பல பத்தாண்டு விளைச்சல் கணக்குகளை அவர் கையில் கொடுத்தார்கள். ஒரு பாத்தி அதிகம் விளைந்தது உரத்தாலா, அந்த இடத்து மண்ணாலா, அந்த வருடத்து மழையாலா? இதைப் பிரிக்கத்தான் சமவாய்ப்பு முறையில் பாத்தி ஒதுக்குவது, ஒரே சிகிச்சையை (சோதித்துப் பார்க்கும் உர அளவு, நீர் அளவு போன்றதை இப்படிச் சொல்வோம்) பல பாத்திகளில் திரும்பச் செய்வது, ஒத்த பாத்திகளைத் தொகுதியாக்குவது ஆகிய மூன்றையும் அவர் முறைப்படுத்தினார்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? முளைக்குச்சியும் கயிறும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு காலையில் வயலில் நிற்கிறீர்கள். மேற்கு ஓரத்தில் மர நிழல் விழுகிறது. தெற்குப் பக்கம் தாழ்வு, தண்ணீர் அங்கே நிற்கும். மூன்று சிகிச்சைகள், நான்கு முறை என்றால் பன்னிரண்டு பாத்திகள். சரிவுக்குக் குறுக்கே நான்கு தொகுதிகளாக அமைத்தால் ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் மண் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கயிற்றைத் தப்பாகக் கட்டினால் ஆறு மாதம் கழித்து எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நான் பார்த்த ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயலின் ஒரு பாதிக்கு ஒரு குழாயில் நிறைய நீர், மறு பாதிக்கு இன்னொரு குழாயில் குறைந்த நீர். ஒவ்வொரு பாதியிலும் இருபது இடத்தில் மண் எடுத்துவிட்டு, இருபது மறுபிரதி, அதாவது ஒரே சிகிச்சையை இருபது முறை தனித்தனியாகச் செய்தது, இருக்கிறது என்று எழுதுகிறார்கள். இருப்பது ஒன்றே ஒன்றுதான், ஏனென்றால் நீரைத் தனித்தனியாக மாற்றிக் கொடுத்தது ஒருமுறைதான்.

7. பாடவழி நல்லதா, ஆய்வுவழி நல்லதா?

பாடவழியில் பெரும்பகுதி வகுப்பும் தேர்வும், ஆய்வுவழியில் பெரும்பகுதி ஆய்வும் ஆய்வேடும். அடுத்து முனைவர் பட்டம் என்ற எண்ணம் இருந்தால் ஆய்வுவழி. வேலைக்குப் போக வேண்டும், துறை மாறி வருகிறீர்கள் என்றால் பாடவழி. பாடவழியிலும் ஒரு சிறிய ஆய்வுத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரவைச் சொந்தமாகத் திரட்டிப் பார்க்காதவருக்கு மற்றவர் தரவின் மேல் சந்தேகம் எங்கே வர வேண்டும் என்று தெரியாது.

8. நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுக்கறது? பெரிய பேர் இருந்தா போதுமா?

போதாது. அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். மூன்றே கேள்விகள்: கடைசியாக எப்போது உங்கள் வயலுக்கு வந்தார், எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வரும், இதற்கு முன் இருந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள். பதில் வர நேரமானால் அதுவும் ஒரு பதில்தான்.

எனக்கு அமைந்த நெறியாளர் நல்லவர், ஆனால் பாதியில் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். எட்டு மாதம் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்றே தெரியாமல் அலைந்தேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன், இணை நெறியாளர் ஒருவரைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஒருவர் மண், பயிர் பக்கமும் இன்னொருவர் பொறியியல் பக்கமும் இருந்தால் இன்னும் நல்லது.

9. மண்ணுல கரிமத்தைக் கூட்டுறதுதான் என் தலைப்பு. ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒரு ஹெக்டேர், 30 செ.மீ. ஆழம் என்றால் 3,000 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.3 டன் என்று வைத்தால் 3,900 டன். அதில் கரிமம் 1 சதவீதம் என்றால் 39 டன். 2015 பாரிஸ் மாநாட்டின்போது தொடங்கிய ‘ஆயிரத்துக்கு நான்கு’ முயற்சியின் அடையாள இலக்கு, மண் கரிமத்தை வருடத்துக்கு 0.4 சதவீதம் கூட்டுவது. நமது வயலில் அது வருடத்துக்கு சுமார் 0.16 டன், இரண்டு வருடத்துக்கு சுமார் 0.31 டன். அதாவது 1.000 சதவீதமாக இருந்தது 1.008 ஆகும். ஒரே பாத்தியில் பத்தடி இடைவெளியில் எடுக்கும் இரண்டு மாதிரிகளுக்கு நடுவிலேயே இதை விடப் பல மடங்கு வேறுபாடு இருக்கும். உங்கள் முயற்சி முழுதாக வெற்றி பெற்றாலும் அளவையில் தெரியாது.

தலைப்பை விட்டுவிட வேண்டாம், வழியை மாற்றுங்கள். மண்ணின் மொத்தக் கரிமத்துக்குப் பதிலாக, சீக்கிரம் மாறும் பகுதிகளைப் பாருங்கள்: நுண்ணுயிர்களில் உள்ள கரிமம், மண் விடும் மூச்சு (அதிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு), மண் துகள்கள் நீரில் கரையாமல் சேர்ந்து நிற்கும் திறன். இல்லையென்றால் ஏற்கெனவே பல பத்தாண்டுகளாக நடக்கும் நீண்டகாலச் சோதனை ஒன்றில் இடம் கேளுங்கள். பிராட்பாக் போலவே அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1876-ல் தொடங்கிய மாரோ பாத்திகள் இன்னும் இருக்கின்றன. மூன்றாவது வழி, இருக்கும் தரவையும் கணினி மாதிரியையும் சேர்த்துப் பார்ப்பது. இதில் எதைத் தேர்ந்தாலும், ஒருமுறை மழை பொய்த்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். பருவம் உங்கள் கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து வராது.

10. களப்பணியில ஜாக்கிரதையா இருக்க வேண்டிய விஷயம் எது?

பெயர்ச் சீட்டு. சாதாரணமாகத் தெரியும், ஆனால் இதில்தான் நான் ஒரு பருவத்தின் கால் பங்கை இழந்தேன். 48 மண் மாதிரிகள். பையின் வெளியே மை பேனாவால் பாத்தி எண் எழுதியிருந்தேன். ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து ஆய்வகத்தில் திறந்தபோது பைகளெல்லாம் வியர்த்து, பன்னிரண்டு பைகளில் நீலக் கறைதான் இருந்தது. மண்ணைப் பார்த்து எந்தப் பாத்தி என்று சொல்ல முடியாது. இப்போது பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு பைக்குள்ளும் ஒன்று வெளியிலும் போகிறது. பென்சில் ஈரத்தில் அழியாது.

இன்னொன்று, எந்த மாதிரியை எதற்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாதுகாக்கும் முறை மாறும். ஈரப்பதத்துக்கு என்றால் 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை, வழக்கமாக 24 மணி நேரம். நைட்ரேட்டுக்கு என்றால் உடனே குளிரில் வைத்தாக வேண்டும். வெளியில் வைத்தால் நுண்ணுயிர்கள் பைக்குள்ளேயே வேலையைத் தொடரும், நீங்கள் அளப்பது வயலின் நைட்ரேட்டாக இருக்காது, பையின் நைட்ரேட்டாக இருக்கும்.

11. சொட்டுநீர் போட்டா தண்ணி மிச்சம்னு எல்லாருக்கும் தெரியும். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. வாய்க்காலில் விட்ட நீரில் ஒரு பகுதி வேருக்குக் கீழே போகிறது. அதை ‘வீண்’ என்கிறோம். ஆனால் அது பல இடங்களில் நிலத்தடி நீரில் சேர்ந்து, கீழே இருக்கும் இன்னொருவரின் கிணற்றுக்குப் போகிறது. சொட்டுநீர் அந்தக் கசிவை நிறுத்துகிறது. மிச்சமான நீரை வைத்து விவசாயி இன்னும் கொஞ்சம் நிலத்தைப் பயிரிட்டால், அந்த வயலின் திறன் கூடுகிறது, ஆனால் ஆற்றுப்படுகை முழுவதையும் எடுத்தால் ஆவியாகிப் போகும் மொத்த நீர் குறையாது, சில இடங்களில் கூடவே செய்யும். பல நாடுகளில் இது பதிவாகியிருக்கிறது.

அதற்காகச் சொட்டுநீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கசிவு உப்பு நீரில் போய்ச் சேரும் இடங்களில் அது உண்மையான சேமிப்பு. பம்பு ஓடும் நேரமும் குறையலாம். இரண்டாம் கேள்வியில் சொன்ன தண்ணீர்க் கணக்கை எந்த எல்லைக்குள் போடுகிறீர்கள் என்பதுதான் விஷயம்: பாத்தியா, பண்ணையா, படுகையா? எல்லையை எழுதாத எந்த முடிவையும் நம்பாதீர்கள், உங்களுடையதானாலும் சரி.

12. ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு கூடுதே, அப்புறம் எதைத்தான் நல்லதுன்னு சொல்றது?

நெல் வயலை எடுத்துக்கொள்வோம். நீர் தொடர்ந்து நின்றால் மண்ணில் காற்றில்லை, மீத்தேன் உருவாகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுத்தால் மீத்தேன் குறையும். துளையிட்ட ஒரு குழாயை மண்ணில் புதைத்து, நீர் மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. ஆனால் மண் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடும்.

எது மிஞ்சும் என்பதைக் கணக்கில் பாருங்கள். தொடர்ந்து நீர் நிற்கும் வயலை 1 என்று வைத்தால், பலமுறை காயவிட்ட வயலின் மீத்தேன் 0.55 என்கிறது ஐபிசிசியின் 2019 திருத்தம். ஒரு பேச்சுக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ மீத்தேன் என்று கொள்வோம், 45 கிலோ குறைகிறது. கார்பன் டை ஆக்சைடை விட மீத்தேனுக்கு 27 மடங்கு என்றால், 1,215 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவு மிச்சம். இதை நைட்ரஸ் ஆக்சைடு முழுதாகத் தின்ன வேண்டுமானால் அது சுமார் 4.5 கிலோ கூட வேண்டும். உங்கள் வயலில் அவ்வளவு கூடியதா? அளந்தால்தான் தெரியும். மீத்தேனை மட்டும் அளந்துவிட்டு வெற்றி என்று எழுதினால் தேர்வாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

13. ட்ரோன், செயற்கைக்கோள், ஏஐ இதெல்லாம் வந்த பிறகு வயலுக்குப் போகணுமா?

முன்னை விட அதிகமாகப் போக வேண்டும். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம், 10 மீட்டர் நுணுக்கம், ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். ஆனால் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. இலைப்பரப்பு அடர்ந்த பிறகு என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு ஏறாமல் நின்றுவிடும், பயிர் வளர்ந்துகொண்டே இருந்தாலும். படத்தில் மஞ்சளாகத் தெரிவது தழைச்சத்துக் குறையா, தண்ணீர் தேங்கியதா, பூச்சியா என்று படம் சொல்லாது. செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் தெரியும்.

14. வேலை கிடைக்குமா?

பாசன நிறுவனங்கள், உரம் மற்றும் பண்ணைக் கருவித் துறை, அரசு ஆராய்ச்சி நிலையங்கள், கார்பன் கணக்குத் தணிக்கை, உணவு நிறுவனங்களின் கொள்முதல் பிரிவு, தொண்டு அமைப்புகள் என்று வழிகள் உண்டு. நேர்காணலில் பட்டத்தின் பெயரை விட, ‘ஒரு வயலின் தண்ணீர்க் கணக்கைப் போட்டிருக்கிறீர்களா, எங்கே காட்டுங்கள்’ என்ற கேள்விக்குச் சொல்லும் பதில்தான் எடுபடுகிறது. உங்கள் தரவையும் நிரலையும் ஒழுங்காக வைத்திருங்கள்.

15. உர கம்பெனி ஒண்ணு ஆய்வுக்குப் பணம் தருதாம். வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் ஒப்பந்தத்தில் இரண்டைப் பாருங்கள். முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டா? எந்தப் பாத்திக்கு எந்தச் சிகிச்சை என்பதை யார் ஒதுக்குகிறார்கள்? இரண்டும் உங்கள் பக்கம் இருந்தால் வாங்கலாம், ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். முதலாவது இல்லையென்றால் வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு வருட உழைப்பை ஒரு அலமாரிக்குள் பூட்டி வைக்கும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

16. ரெண்டு பருவம் உழைச்சும் எந்த வித்தியாசமும் வரலை. ஃபெயிலாயிடுவேனா?

இல்லை. இரவு பதினொன்றுக்கு அழுதுகொண்டே இதைக் கேட்டவர்கள் உண்டு, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ‘வித்தியாசம் இல்லை’ என்பதற்கு இரண்டு பொருள். சிகிச்சைக்கு உண்மையிலேயே விளைவு இல்லாமல் இருக்கலாம். விளைவு இருந்தும் உங்கள் பன்னிரண்டு பாத்திகளால் அதைப் பிடிக்க முடியாமலும் போயிருக்கலாம். ஆறாம் கேள்வியில் சொன்ன அமைப்பில் பிழைக்கான கட்டின்மை எண் (தற்செயல் வேறுபாட்டைக் கணிக்க மிஞ்சும் தனித்தனித் தகவல்களின் எண்ணிக்கை) வெறும் 6, சின்ன வேறுபாடுகள் அதில் நழுவிவிடும்.

எது என்று சொல்ல, விளைச்சல் வேறுபாட்டின் நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதை, எழுதுங்கள். அது பூஜ்யத்தை ஒட்டிக் குறுகலாக இருந்தால், பெரிய விளைவு இல்லை என்பதே உங்கள் கண்டுபிடிப்பு. தேவையில்லாத ஒரு செலவை விவசாயி தவிர்க்க அது உதவும். இடைவெளி அகலமாக இருந்தால், இந்த அளவு சோதனையால் சொல்ல முடியாது, இத்தனை மறுபிரதி இருந்தால் முடியும் என்று கணக்கோடு எழுதுங்கள். தேர்வாளர்கள் அதை மதிப்பார்கள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் களக்குறிப்பேட்டை எடுத்து, எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கியது, எங்கே பூச்சி வந்தது என்று தேதியோடு தேடிப் பாருங்கள்.